இரண்டாவது படத்துக்குப் பின்னால் இருந்தது

தம்பி,

நீ அந்தப் படத்தை எடுக்கவில்லை. மற்றதையெல்லாம் பிறகு எழுதிக்கொள்ளலாம், இதை முதல் வரியில் வைத்துவிட வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். நாகப்பட்டினம் கோட்டை முற்றுகைப் படங்கள் நான்கில் மூன்றாவது காணாமல் போனபோது நீதான் எடுத்து விற்றாய் என்று சொன்னேன். உன் மாமாவைக் கூப்பிட்டு உன் பையைக் கொட்டிப் பார்க்கச் சொன்னேன். அன்றிலிருந்து பதினோரு வருடம் அப்பனும் பிள்ளையுமாக நாம் இருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசவில்லை. படம் இந்த வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. அது எனக்கு ஒன்பது வருடமாகத் தெரியும்.

ஒன்பது என்று எழுதியது கைத்தவறு இல்லை. இதை எழுதும்போது பாதியில் நிறுத்திவிடுவேன் என்று பயந்திருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. உன் அம்மா போய் நாற்பது நாளாகிறது, எனக்கு எதுவுமே சரியாக உறைக்க மாட்டேன் என்கிறது. நேற்று கொதிக்கிற பால் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு, விரல் சிவந்திருப்பதை வெகுநேரம் கழித்துத்தான் பார்த்தேன். மனசும் அப்படித்தான் இருக்கிறது. அதனால் இந்தக் கடிதத்தில் கண்ணீர் இருக்காது. கல்நெஞ்சக்காரன் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். பட்டா மாறுதலுக்குக் குறிப்பு எழுதுகிறவன் மாதிரி, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரே எழுத்து அதுதான்.

அந்தப் படங்கள் எப்படி வந்தன என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். நீ ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது நான் திருவாரூரில் சர்வேயர். ஒரு வக்கீல் வீட்டைக் காலி செய்து, கரையான் தின்ற புத்தகங்களை எல்லாம் பழைய பேப்பர் கடையில் போட்டிருந்தார்கள். கடைக்காரர் என்னைத் தெரிந்தவர். "சார், மேப்பு மாதிரி ஏதோ இருக்கு, உங்களுக்கு ஆகுமா பாருங்க" என்று கூப்பிட்டார். வெள்ளைக்காரன் ஊரில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த தாள்கள். புத்தகத்தில் மிச்சம் இருந்தது நான்குதான். ஓரத்தில் எழுதியிருந்த பாஷை எனக்குத் தெரியாது, ஆனால் கடற்கரையின் வளைவைப் பார்த்ததும் ஊர் தெரிந்துவிட்டது. தொழில் அப்படி. வலங்கைமானுக்கு வருகிற பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, யாரும் மேலே சாய்ந்துவிடாமல் முழங்கையை விரித்தபடி உட்கார்ந்து வந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "ஏங்க, ஆபீஸ்ல பாக்குற மேப்பு பத்தலியா?" என்றாள்.

நான்கும் ஒரே முற்றுகையின் நான்கு கட்டங்கள். முதல் தாளில் ஐந்து முனைகளோடு கோட்டை முழுசாக நிற்கும், கப்பல்கள் தூரத்தில் இருக்கும். இரண்டாவதில் முற்றுகை போட்டவர்கள் மணலில் கோணல்மாணலாகப் பள்ளம் வெட்டிக்கொண்டு கோட்டையை நெருங்குவார்கள், பீரங்கிப் புகை பஞ்சு மிட்டாய் மாதிரி சுருண்டு நிற்கும். நான்காவதில் கதவு திறந்திருக்கும், கொடி மாறியிருக்கும். மூன்றாவதில் சண்டை இல்லை. கோட்டை வாசலுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் வெட்டவெளியில் இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவன் கையில் முரசு, இன்னொருவன் கையில் வெள்ளைத் துணி. பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்கள். நீ ஏழு வயதில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று கப்பல்களை எண்ணுவாய், ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு வரும். ஒருநாள் திடீரென்று, "அப்பா, நாகப்பட்டினத்துல மலை ஏதுப்பா?" என்று கேட்டாய். அதுவரை நான் கவனிக்கவே இல்லை. கோட்டைக்குப் பின்னால் மூன்று மலைகளை வரைந்து வைத்திருந்தான். "செதுக்குனவன் இங்க வந்து பாத்ததே இல்லடா. யாரோ சொன்னதக் கேட்டு அவனா ஒரு மலையப் போட்டுட்டான்" என்றேன். நீ அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

இன்னொன்றுக்கும் நீ அப்படிச் சிரிப்பாய். அண்ணன் தம்பி வரப்புத் தகராறுக்கு அளக்கப் போய் வந்து நான் நடித்துக் காட்டுவேனே, அதற்கு. இரண்டு பேரும் இரண்டடி தள்ளித்தான் நிற்பார்கள். அண்ணன் என்னைப் பார்த்து, "சார், அவர அந்தக் கல்ல விட்டுத் தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்பான். தம்பியும் என்னைப் பார்த்துத்தான் பேசுவான். "எங்கப்பா நின்ன எடத்துலதான் நிக்கிறேன்னு அவருகிட்ட சொல்லிருங்க சார்." நடுவில் அளவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி, கழுத்து வலியோடு வீட்டுக்கு வருவேன். இந்த ஊர்ப்பக்கம் கோபம் வந்தால் அடிதடியைவிட இதுதான் அதிகம். பேச்சை நிறுத்திவிடுவது. வீட்டுக்கு ஒருவராவது இப்படி இருப்பார்கள், அதை வீறாப்பு என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்கள். அவர்களை எல்லாம் கேலி செய்தவன் நான்.

இனி அந்தப் பொங்கல். வெள்ளையடிப்பதற்காக நான்கு படங்களையும் கழற்றினோம். இறக்கும்போது மூன்றாவதின் கண்ணாடி உடைந்தது. தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதுக் கண்ணாடி போடும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று அதை இரண்டாவது படத்தின் சட்டத்துக்குள், தாளுக்குப் பின்னால் தாளாகச் சொருகி, அட்டையை வைத்து மூடி ஆணியடித்தேன். ஆபீஸில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். நில அளவு வரைந்த, கிழியப் போகிற புலப்படம் ஒன்று இருந்தால் இன்னொன்றின் முதுகில் வைத்துவிடுவோம். முப்பது வருடக் கைப்பழக்கம், மூளைக்குத் தெரியாமலே கை செய்துவிட்டது. பிறகு மறந்தே போனேன். மாசி மாதம் கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்து பீரோவைத் திறந்தேன். பீரோவில்தான் வைத்தேன் என்று சத்தியம் பண்ணத் தயாராக இருந்தேன். அங்கே இல்லை.

நீ அப்போது காலேஜில் கடைசி வருடம். அதற்கு முந்தைய தீபாவளிக்கு வந்தபோது படங்களை போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போய் யாரிடமோ விசாரித்துவிட்டு, "அப்பா, இதெல்லாம் நல்ல விலைக்குப் போகுமாம்பா" என்று ஆசையாகச் சொன்னாய். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொல்லியிருக்கிறாய். எனக்கு அது மாசியில்தான் ஞாபகம் வந்தது, வேறு மாதிரியாக வந்தது. நேரில் வந்து பார்க்காமல் மலையை வரைந்தவனைப் பார்த்துச் சிரித்தோமே, நானும் அதைத்தான் செய்தேன். நீ சனிக்கிழமை வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "எவ்வளவுக்குடா வித்தே?" என்று கேட்டேன். உன் மாமா உட்கார்ந்திருந்தார். "நான் எடுக்கலப்பா" என்றாய். மூன்று தடவை சொன்னாய். நான் பையைக் கொட்டச் சொன்னேன். உன் அழுக்குச் சட்டைகளும் அம்மாவுக்கு வாங்கி வந்த அல்வாப் பொட்டலமும் தரையில் விழுந்தன. மாமா தலையைக் குனிந்துகொண்டார். நீ ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "அம்மா, இனிமே அவர்கிட்ட பேச எனக்கு ஒண்ணும் இல்ல. ஏதாச்சும் இருந்தா நீயே சொல்லிரு" என்றாய். நானும் அவளைப் பார்த்து, "எனக்கும் ஒண்ணும் இல்லன்னு சொல்லு" என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன், நீயும் நினைத்திருப்பாய். முதலில் இறங்குகிறவன் தோற்றவன் என்று இருவருமே பிடித்துக்கொண்டு நின்றோம். வேலை கிடைத்ததை அம்மாவிடம் சொன்னாய், அவள் என்னிடம் சொன்னாள். மஸ்கட் போகிற அன்று, "ஏர்போர்ட்டுக்கு வராரான்னு கேளு" என்று பக்கத்து அறையிலிருந்து உன் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. அவள் வந்து, "ஏர்போர்ட்டுக்கு வரீங்களான்னு கேக்குறான்" என்று எனக்குக் காது கேட்காதது மாதிரி முழுசாகச் சொன்னாள். "முட்டி வலின்னு சொல்லு" என்றேன். திருவிடைமருதூர் மண்டபத்தில் உன் கல்யாணம். நீயும் மருமகளும் காலில் விழுந்தீர்கள். கையில் அட்சதையை வைத்துக்கொண்டு நின்றேன், வாயைத் திறந்து நல்லா இருங்க என்று சொல்லவில்லை. போட்டோகிராபர், "சார், ஏதாவது சொல்ற மாதிரி போஸ் குடுங்க" என்றான். உன் அம்மா எனக்குப் பின்னால் இருந்து, "நல்லா இருங்க, நல்லா இருங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. ஆல்பத்தில் என் உதடு மூடியே இருக்கிறது.

இடையில், நீ மஸ்கட் போன மறுவருடம் ஐப்பசி மழையில் ஹால் சுவர் ஓதம் பிடித்தது. இரண்டாவது படத்தில் பூஞ்சை தெரிந்தது. உலர்த்தலாம் என்று கட்டிலில் கவிழ்த்துப் போட்டு அட்டையைக் கழற்றினேன். தாளுக்குப் பின்னால் தாள். முரசு வைத்திருந்தவனும் வெள்ளைத் துணிக்காரனும் அப்படியே இருந்தார்கள். அம்மாவைக் கூப்பிட்டேன். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "நல்லவேளை" என்றாள் முதலில். பிறகு, "போனைப் போட்டுத் தரேன், சொல்லிருங்க" என்றாள். "நீயே சொல்லிரு" என்றேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

"இத்தன நாளா எல்லாத்தையும் நான்தான் சொன்னேன். இனிமேலும் சொல்றேன். இதை மட்டும் சொல்ல மாட்டேன். இது என் வாயால போனா அவனுக்குப் போய்ச் சேராது. நீங்கதான் சொல்லணும்."

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அன்று சாயங்காலம் தாள் காய்ந்ததும், மூன்றாவதை மறுபடியும் இரண்டாவதின் பின்னால் வைத்து, அட்டையை மூடி, அதே ஓட்டைகளில் ஆணியடித்தேன். முதல் தடவை மறதியில் செய்தது. இரண்டாம் தடவை தெரிந்தே செய்தேன். தம்பி, பையைக் கொட்டச் சொன்னதுகூட ஆத்திரத்தில் செய்தது என்று ஒரு சாக்குச் சொல்லலாம். இதற்குச் சாக்கு இல்லை. நீ லீவில் வரும்போதெல்லாம் அந்தப் படத்துக்குக் கீழே இருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்து காபி குடிப்பாய். உன் தலைக்கு ஒரு முழம் மேலே அது இருந்தது. அம்மா டம்ளரைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வேன். ஒன்பது வருடம். அவள் ஒரு தடவைகூட உன்னிடம் சொல்லவில்லை, என்னை விட்டும் கொடுக்கவில்லை.

அவள் போன அன்று கூடப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வெளியே வயலில் அறுவடை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சை அடைக்கிறது என்றாள், ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. நீ வரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். நீ வந்தாய், கொள்ளி வைத்தாய், மொட்டை போட்டுக்கொண்டாய். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் வீடு நிறைய ஆள் இருந்ததால் யாரோ ஒருவர் நம் நடுவில் வந்து, அப்பா கூப்பிடுறார், தம்பி கேக்குறான் என்று ஓட்டிவிட்டார்கள். பிறகு எல்லோரும் போனார்கள். மருமகளும் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டில் நீயும் நானும். மதியம் சாதம் வடித்து இறக்கிவிட்டு, நான் அடுப்படி வாசலில் நின்று உள்ளே பார்த்து, "தம்பியைச் சாப்பிடக் கூப்பிடு" என்றேன்.

உள்ளே யார் இருக்கிறார்கள்? சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது. ஹாலில் நீ போனைக் கீழே வைத்தாய். பிறகு எழுந்து கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாய். சாப்பிட்டோம். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு பேருக்கும் நடுவில் ரசம் பாத்திரம் மட்டும்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் கார் வந்தது. நீ வாசலில் பெட்டியோடு நின்று, யாரைப் பார்த்தும் இல்லாமல், "போயிட்டு வரேன்" என்றாய். எதிர்வீட்டு அக்கா, "போயிட்டு வா தம்பி" என்றார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பன் கடிதம் என்றால் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். பாப்பாவுக்கு நான்கு வயதாகிறது. நாளைக்கு அவளும் உன்னை எதிர்த்துப் பேசுவாள், நீயும் கோபப்படுவாய். திட்டு, கத்து, கதவைச் சாத்திக்கொள். ஆனால் உன் மனைவியைக் கூப்பிட்டு, 'அவகிட்ட சொல்லு' என்று ஒரு தடவைகூடச் சொல்லாதே. ஒரு தடவை சொன்னால் அது பழகிவிடும், வசதியாகவும் இருக்கும். வெள்ளைத் துணியோடு நடுவெளிக்குப் போகிறவனைச் சுடக் கூடாது என்று ஒரு முறை உண்டு. அவனும் போன காரியம் முடிந்ததும் அவன் பக்கத்துக்குத் திரும்பிவிடுவான். உன் அம்மாவை நாம் திரும்பி வர விடவே இல்லை. அவளுக்கென்று நம் இருவரிடமும் சொல்ல ஏதாவது இருந்ததா என்று நான் கேட்டதில்லை. நீ கேட்டிருக்கிறாயா என்று எனக்குத் தெரியாது.

நீ போன அன்றைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு அம்மாவின் போன் அடித்தது. அலமாரியில் சார்ஜில் போட்டிருந்தேன். ஏன் போட்டேன் என்று கேட்டால் தெரியாது, அவள் தினமும் போடுவாள், நானும் போட்டேன். உன் போட்டோ வந்தது, கீழே 'தம்பி' என்று இருந்தது. கை மறந்து கூப்பிட்டிருப்பாய் என்று நினைத்தேன். மறுநாளும் ஏழு மணிக்கு அடித்தது. அதற்கு மறுநாளும். இந்த வீட்டில் அதை எடுக்க ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறான் என்று உனக்குத் தெரியாதா? இருபது நாள் அடித்தது, இருபது நாளும் எதிரே உட்கார்ந்து அது ஓய்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று எடுத்தேன். காதில் வைத்துக்கொண்டேன். உன் பின்னால் வண்டிகள் போகிற சத்தம் கேட்டது. பிறகு நீ சொன்னாய்.

"அம்மா... அவர் சாப்பிட்டாரான்னு கேளு."

நான் இந்த ஹாலில் தனியாக நின்றுகொண்டு, "சாப்பிட்டேன்னு சொல்லு" என்றேன்.

"சரிம்மா" என்று வைத்துவிட்டாய்.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்து ஆணிகளை நெம்பி இரண்டாவது படத்தைக் கழற்றினேன். மூன்றாவது தாள் ஓரத்தில் கொஞ்சம் பழுப்பேறியிருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறது. மேஜைமேல் விரித்து வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். படத்தைப் போட்டோ எடுத்து அம்மாவின் போனிலிருந்தே உனக்கு அனுப்பிவிடலாம். அப்படி அனுப்பினால் அதுவும் அவள் சொன்னதாகிவிடும். காலண்டர் பின்னால் அவள் கையெழுத்தில் உன் மஸ்கட் விலாசம் இருக்கிறது, தபாலில்தான் போடப் போகிறேன்.

இது வந்து சேர எத்தனை நாளாகும் என்று தெரியவில்லை. அதுவரை ஏழு மணிக்கு நீ கூப்பிட்டால் எடுப்பேன், நேற்று மாதிரியே பேசிக்கொள்வோம். படித்த பிறகு நீ கூப்பிடாமல் போகலாம். அது உன் நியாயம், நான் மேல்முறையீடு செய்யமாட்டேன். ஆனால் கூப்பிட்டால், அவளிடம் சொல்லாதே. அவள் இல்லை, தம்பி. என்னைத் திட்டு.

அப்பா